கொல்லயில் வீட்டில் கேட்ட ஆண்குரல்

மக்கா,

வியாழக்கிழமைக்குள் இது உன் கையில் கிடைத்துவிடும் என்று தபால் அலுவலகத்தில் சொன்னார்கள். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் சொன்னால் நீ பாதியில் "சரிப்பா, விடுங்க" என்பாய், நானும் அதைச் சாக்காக வைத்து மீதியை விழுங்கிவிடுவேன். எழுதித்தான் சொல்ல வேண்டும் என்று ஷீபா உறுதியாகச் சொல்லிவிட்டாள். ஆமாம், நீ கட்டப்போகிற அதே ஷீபா. நம் சபையில் உங்கள் விவாக அறிவிப்பை இரண்டு ஞாயிறு வாசித்தாயிற்று. இதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் இருந்தால் தெரிவிக்கலாம் என்று வாசித்துவிட்டு, போதகர் வழக்கம்போலக் கண்ணாடிக்கு மேலாகச் சபையை ஒருமுறை பார்த்தார். யாரும் வாய் திறக்கவில்லை. மூன்றாவது வாசிப்பு வரும் ஞாயிறு. அதற்குள் நான் செய்த காரியம் உனக்குத் தெரிய வேண்டும் என்கிறாள். தெரிந்த பிறகு நீ அவளிடம் எப்படிப் பேசுகிறாய் என்பது அவளுக்குத் தெரிய வேண்டும் என்கிறாள். இரண்டும் நடக்காவிட்டால் மூன்றாவது வாசிப்பை நிறுத்தச் சொல்லிப் போதகரிடம் அவளே போய்ச் சொல்வாளாம். சொன்னால் செய்யக்கூடிய பெண்தான். அதனால் உட்கார்ந்து, நிதானமாக, முழுதும் படி.

என் குணம் உனக்குத் தெரியும். நீ ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது ஒரு சனிக்கிழமை, சபைக் கோயிலில் பாட்டுப் பயிற்சி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாய். நீ செருப்பு மாட்டிய வேகத்திலேயே எனக்கு ஒரு சந்தேகம். பின்னாலேயே வந்தேன். நீ கோயில் வாசல் வரை போய்விட்டுத் திரும்பி, பாறசாலை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த கம்ப்யூட்டர் சென்டருக்குள் நுழைந்தாய். எதிரே உரக்கடை நிழலில் முக்கால் மணி நேரம் நின்றேன். உடனே வந்து கூப்பிட்டிருந்தால் சின்னத் தப்பு; கொஞ்சம் நேரம் ஆகட்டும், பெரிதாக வளரட்டும் என்று நின்றேன். பிறகு உள்ளே வந்து உன் கூட்டுக்காரர்கள் நாலு பேர் முன்னால் உன் கையைப் பிடித்து இழுத்தேன். திரையில் ஒரு தபால்காரன் செங்குத்துப் பாறையில் தொங்கிக்கொண்டிருந்தான். உன் கை விலகியதும் அவன் விழுந்தான். மறுவாரம் பாட்டு வாத்தியார் என்னிடம், போன சனிக்கிழமை தனக்குக் காய்ச்சல், வந்த பிள்ளைகளையெல்லாம் திருப்பி அனுப்பிவிட்டதாகச் சொன்னார். நீ பொய் சொல்லவில்லை என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. தலையாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்பன் பிள்ளையிடம் தோற்கக்கூடாது என்று நினைத்த காலம். அன்றைக்குக் கேட்க வேண்டிய மன்னிப்பை இப்போது கேட்கிறேன். இந்தக் கடிதத்தில் கேட்க வேண்டிய பெரிய மன்னிப்பு வேறு இருக்கிறது. அதற்கு முன் இது தீரட்டும்.

அந்தத் தபால்காரன் விளையாட்டு இன்னும் முடியவில்லை என்பது எனக்கு இந்த வருஷம்தான் தெரிந்தது. நீ அன்று விளையாடியது இரண்டாம் பாகம், இப்போது எட்டாம் பாகம் வந்திருக்கிறது, ஷீபாவும் அதைத்தான் விளையாடுகிறாள் என்று நீ சொன்னபோது உன் குரலில் இருந்த சந்தோஷத்தை உன் அம்மா கவனித்தாள். நான் வேறொன்றைக் கவனித்தேன். நெய்யாற்றின்கரையில் லேபில் ரத்தப் பரிசோதனை செய்கிற பெண், வேலை முடிந்து வந்து ஆறு மணியிலிருந்து எட்டு மணிவரை பாறையேறுகிற விளையாட்டு விளையாடுகிறாள். அதை ஊருக்கெல்லாம் தெரிகிற மாதிரி வீடியோவாகவும் போடுகிறாள். ஏன்? யாருக்காக? நீ பெருமையாக அனுப்பித் தந்த லிங்க் வழியாகவே போய், அவள் போட்டிருந்த எல்லா வீடியோவையும் நான் பார்க்க ஆரம்பித்தேன்.

கொல்லயிலுக்குப் பெண் பார்க்கப் போன நாளைச் சொல்லாமல் இது விளங்காது. அன்று நீ ஊரில் இல்லை. நானும் அம்மாவும் உன் சித்தப்பாவும் போனோம். முப்பது வருஷம் தமிழ்ப் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்த நான், அந்த வீட்டுப் படி ஏறியதும் மலையாளம் பேசினேன். அவர்களும் மலையாளத்திலேயே பதில் சொன்னார்கள். இரண்டு தரப்பும் அவரவர் அடுக்களையில் பேசுவது தமிழ். ஆனால் சம்பந்தம் பேசுகிற இடத்தில் தமிழ் பேசினால் மதிப்புக் குறைந்துவிடும் என்று நாங்கள் நினைத்தோம். பள்ளிக்கூடத்து சார் வருகிறார், மரியாதையாகப் பேச வேண்டும் என்று அவர்கள் நினைத்தார்கள். இந்த எல்லைக்கரையில் பிறந்தவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய கோணல் இது. ஷீபாவின் அப்பா தாசையன் தென்னை ஏறுகிறவர். மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் போய் மூன்று வருஷம் ஆகிறது. உள்ளறைக்கு எங்களைக் கூட்டிப்போனார்கள். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நான் மலையாளத்தில் நலம் விசாரித்தேன். முதுகு மட்டும் தெரிந்தது. "ஆரோடும் மிண்டூல" என்று அவர் மனைவி மெதுவாகச் சொன்னார். விழுந்த நாள் முதல் யாரோடும் பேசுவதில்லை என்று பொருள். சரி என்று திரும்பி வந்தோம். அதை நான் மனதில் ஒரு முடிச்சாகப் போட்டு வைத்தேன்: அந்த வீட்டில் பேசுகிற ஆண் கிடையாது.

இப்போது வீடியோவுக்கு வருகிறேன். திரையை மட்டும் படம் பிடிக்கிறாள், முகம் தெரியாது. மலையாளத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டே ஆடுகிறாள். இந்த எட்டாம் பாகத்தில் அந்தத் தபால்காரன், இடிந்துபோன ஒரு மலைநகரத்தில், உச்சிக் கோபுரத்தில் இருக்கிற யாருக்கோ ஒரே ஒரு கடிதத்தைக் கொண்டுபோக வேண்டும். கயிற்றுப் பாலம், வழுக்குகிற தூண், பின்னால் விரட்டுகிற கொள்ளைக்காரர்கள். அவர்களை அவன் குடையால் அடிக்கிறான். விழுந்தால், கடைசியாக ஏற்றிய விளக்கின் அடியில் மறுபடி எழுந்து நிற்கிறான். பரீட்சை நோட்டு ஒன்றை எடுத்துச் சிவப்புப் பேனாவால் குறித்துக்கொண்டு பார்த்தேன். "அந்தப் பிள்ளைக்கு எத்தன மார்க்கு போட்டீங்க?" என்று உன் அம்மா காப்பி வைக்க வரும்போதெல்லாம் கேட்பாள். பன்னிரண்டாவது வீடியோவில், அவள் ஒரு தூணில் ஏறும்போது, பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. ஆண்குரல். கரகரத்த, தாழ்ந்த குரல். தமிழில், அதுவும் எல்லைக்கு அந்தப் பக்கம் விளவங்கோட்டில் பேசுகிற தமிழில், "சாடாத. பைய" என்றது. அவள் நின்றாள். சற்றுப் பொறுத்து, "ம்... இப்பம் சாடு" என்றது. அவள் தாண்டினாள், சரியாகப் போய் நின்றாள்.

அதற்குப் பிறகு நான் விளையாட்டைப் பார்க்கவில்லை, குரலைத்தான் பார்த்தேன். எந்த வீடியோவில் எத்தனையாவது நிமிஷம் என்று நோட்டில் எழுதினேன். சனிக்கிழமை வீடியோக்களில் குரல் அதிகம், மற்ற நாட்களில் ஒன்றிரண்டு சொல். ஒன்றில் அவள் சிரித்துக்கொண்டே தமிழில், "பைய பேசுங்க, அம்மைக்குக் கேட்டா விட மாட்டா" என்றாள். இதை மூன்று முறை ஓட்டிக் கேட்டேன். மரியாதை கொடுத்துப் பேசுகிறாள், அதனால் வயதில் மூத்த ஆள். அம்மாவுக்குத் தெரியாமல் வருகிற ஆள். எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆள். ஊமைத் தகப்பன் கட்டிலில் கிடக்கிற வீட்டிலேயே இது நடக்கிறது. கணக்கு முடிந்துவிட்டது என்று எனக்கு ஒரு நிறைவு. நீயும் இதையெல்லாம் பார்த்திருப்பாயே, உனக்குக் கேட்கவில்லையா என்று நினைத்தேன். அன்பாகப் பார்க்கிறவனுக்குக் காது மந்தம் என்று எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டேன். அல்ஜீப்ராவில் "x என்று வைத்துக்கொள்வோம்" என்று தொடங்குவோம் அல்லவா? பையன்களில் சிலர் நாலு வரி தாண்டியதும், வைத்துக்கொண்டதை மறந்து, அதையே விடையாக எழுதிவிடுவார்கள். அவர்களுக்கு எத்தனை முறை காது திருகியிருப்பேன். சந்தேகம் என்பதும் அதுதான் மக்கா. வைத்துக்கொண்டது நாம்தான் என்பது மறந்துபோகும் கணக்கு.

உன்னிடம் கேட்டிருக்கலாம். அவளிடமே கேட்டிருக்கலாம். நம் ஊரில் அப்படி யாரும் கேட்பதில்லை. கல்யாணத்துக்கு முன் பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் தங்களைத் தெரியாத இடத்தில் போய், வேறு ஏதோ காரியத்துக்கு வந்த மாதிரி, கடையில் நின்று விசாரிப்பார்கள். எத்தனை பேர் என்னிடமே வந்து, உரம் வாங்க வந்தேன், நிலம் பார்க்க வந்தேன் என்று சொல்லி, என் பழைய மாணவனைப் பற்றித் தோண்டியிருக்கிறார்கள். நானும் பஸ் ஏறிக் கொல்லயிலுக்குப் போனேன். அவள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு சாயாக்கடை. உன் அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தது போலவே, தென்னங்கன்று வாங்க வந்ததாகச் சொன்னேன். கடைக்காரன் சுனில் நல்ல பையன், கேட்காமலே எல்லாக் கதையும் சொன்னான். நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "அந்தத் தாசையன் வீட்டுக்குச் சாயங்காலம் வந்துபோகிற ஆண் யார்?" என்று கேட்டேன். "யாராவது வருகிறார்களா?" என்றுகூடக் கேட்கவில்லை. வருகிறான் என்று நானே வைத்துக்கொண்டு, யார் என்று கேட்டேன். சுனில் சாயா ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். தெரியாது என்றான். மறைக்கிறான் என்று எடுத்துக்கொண்டு வந்தேன்.

ஒன்பது நாள் கழித்து, பொழியூரிலிருந்து மீன் கொண்டுவருகிற மேரி நம் முற்றத்தில் கூடையை இறக்கினாள். கொல்லயிலிலும் வீடு வீடாகப் போகிறவள். சாளையை எண்ணிப் போட்டுக்கொண்டே உன் அம்மாவிடம் குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, நான் சொன்னேன்னு வேண்டாம். மகனுக்குப் பேசி உறப்பிச்ச அந்தக் கொல்லயில் வீட்டுல சாயங்காலம் ஒரு ஆணு வந்து போறதா ஒரு பேச்சு உண்டு."

"ஆரு பாத்தா?"

"பாத்தவங்க ஆரும் இல்ல. ஆனா ஒரு வயசாளி பஸ்ஸு கேறி வந்து விசாரிச்சிட்டுப் போனாராம். ஒண்ணும் இல்லாமலா அத்தற தூரம் வந்து விசாரிப்பாரு?"

நான் உள்ளே நாற்காலியில் இருந்தேன். உனக்கு உண்மையைச் சொல்ல வேண்டும்: மேரி முதலில் சொன்னதைக் கேட்டதும் எனக்குள் ஒரு வெற்றி எழுந்தது. பார், ஊரே சொல்கிறது என்று எழுந்து நின்றேன். "எப்படிப்பட்ட வயசாளி?" என்று அம்மா கேட்டாள். "வெள்ள வேட்டி, கட்டிக் கண்ணாடி, கையில மடக்குக் குடை" என்றாள் மேரி. அம்மா திரும்பி வாசல்படியில் நின்ற என்னை மேலிருந்து கீழே வரை பார்த்தாள். "அந்த வயசாளி தென்னங்கன்று வாங்கினாராமா மேரி? இங்க ஒண்ணும் வந்து சேரல்லியே" என்றாள். மேரிக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. நான் போட்ட கேள்விதான் ஒன்பது நாள் ஊர் சுற்றி, விடையாக உடை மாற்றிக்கொண்டு என் வீட்டுக்கே திரும்பி வந்திருந்தது. அதற்குச் சாட்சியும் நானேதான்.

பள்ளியில் ஒருமுறை அரையாண்டுப் பரீட்சையில் இரண்டு பிள்ளைகள் ஒரே கணக்கில் ஒரே தப்பு விடை எழுதியிருந்தார்கள். சரியான விடை இரண்டு பேருக்கு ஒத்துப்போகலாம், தப்பு எப்படி ஒத்துப்போகும்? காப்பியடித்தார்கள் என்று முடிவுகட்டி, இரண்டு பேரையும் பெஞ்சில் ஏற்றி நிறுத்தினேன். மத்தியானம் மூன்றாவதாக ஒருத்தி, அழுதுகொண்டே தன் நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். அந்தக் கணக்கை நான்தான் கரும்பலகையில் தப்பாகப் போட்டிருந்தேன். அந்த மூன்று பேரும் கவனமாக எழுதி எடுத்து, உண்மையாகப் படித்தவர்கள். அன்று வகுப்பில் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். பிள்ளைகளிடம் கேட்கத் தெரிந்த எனக்கு வீட்டில் கேட்கத் தெரியவில்லை.

போன சனிக்கிழமை மூன்று மணிக்கு ஷீபா வந்தாள். லேபிலிருந்து நேராக வந்திருந்தாள், ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்தாள். அம்மா கொடுத்த பால் இல்லாத கட்டன்சாயாவைத் தொடவில்லை. தமிழில் பேசினாள். அவள் என்னிடம் தமிழ் பேசியது அதுதான் முதல் தடவை.

"மாமா, கொல்லயில்ல வந்து கேட்டது நீங்கதானே?"

நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். உன் அம்மா அடுக்களை வாசலில் நின்றாள். ஆமாம் என்றேன்.

அந்தக் குரல் யாருடையது என்று அவள் அப்போது சொன்னாள். நீ ஊகித்திருப்பாய். எனக்குத்தான் கடைசிவரை தோன்றவில்லை. அந்த வீட்டில் டிவி இருப்பது தாசையன் படுத்திருக்கிற அறையில். இரண்டு வருஷம் அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து அவள் விளையாடியிருக்கிறாள். ஒரு நாள் ஒரு தூணில் ஏறத் தெரியாமல் திரும்பத் திரும்ப விழுந்திருக்கிறாள். கட்டிலிலிருந்து, "கால எடுக்காத. கை உறச்ச பெறவு கால எடு" என்று சத்தம் வந்ததாம். மரத்திலிருந்து விழுந்த பிறகு அவர் பேசிய முதல் வார்த்தை அது. எப்போது திரும்பி டிவியைப் பார்த்தார் என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. அது முதல், அம்மா சபையின் மாதர் சங்கத்துக்குப் போகிற சனிக்கிழமைகளில் இரண்டு பேருமாக ஏறியிருக்கிறார்கள். மரம் ஏறுகிற பேச்சு காதில் விழுந்தாலே அவள் அம்மா டிவியை அணைத்துவிடுவார், அதனால்தான் "பைய பேசுங்க". வெளி ஆட்களிடம் அவர் இன்றும் பேசமாட்டார். மகளிடம், அதுவும் அந்தத் தபால்காரனைப் பற்றி மட்டும் பேசுவார்.

"பேசுவாரு இல்ல மாமா, பேசிட்டு இருந்தாரு," என்று தானே திருத்தினாள். "உங்க கேள்வி பக்கத்து வீட்டுல சுத்தி எங்க வீட்டுக்கும் வந்து சேந்தாச்சு. கட்டிலுக்குப் பக்கத்துல நின்னே அம்மைகிட்ட ஒரு அக்கா சொன்னா. அன்னைக்குச் சொவரப் பாத்துத் திரும்புனவருதான். இப்பம் எங்கிட்டயும் இல்ல."

நான் வருகிறேன் என்றேன். "கேறுங்க" என்றாள். பாறசாலை சந்தை வழியாக, என் மருமகளாகப் போகிறவளின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, மடக்குக் குடையை மடியில் வைத்துக்கொண்டு போனேன். என் பழைய மாணவர்கள் இரண்டு பேர் வணக்கம் சொன்னார்கள். இதையும் நாளைக்கு யாராவது என்னவாகவாவது ஆக்குவார்கள் என்று தோன்றியது.

தாசையன் அதே மாதிரி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். இந்த முறை நான் தமிழில் பேசினேன். வந்த காரியத்தைச் சொன்னேன், தப்பு என்னுடையது என்று சொன்னேன், மன்னிக்க வேண்டும் என்றேன். பிறகு முகத்தைத் திருப்பாமலே, "நீரு கேட்ட ஆளு நான் ஆக்கும்" என்றார். அவ்வளவுதான். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். விலாசம் கேட்டவருக்கு வழி சொல்கிற மாதிரி சொன்னார்.

எழுந்து வந்திருக்கலாம். எனக்கு எழ முடியவில்லை. ஷீபா டிவியைப் போட்டாள். ஏன் போட்டாள் என்று தெரியாது, அறையில் ஏதாவது சத்தம் வேண்டும் என்றுகூட இருக்கலாம். அந்தத் தபால்காரன் ஒரு தூணுக்குக் கீழே விளக்கடியில் நின்றான். அவள் ஆடவில்லை. விளையாடுகிற கருவியை என் கையில் தந்தாள். ஒரு குச்சியைத் தள்ளினால் நடக்கிறான், ஒரு பொத்தானை அமுக்கினால் பிடிக்கிறான், விட்டால் விழுகிறான். நான் விழுந்தேன். மறுபடி விளக்கடியில் எழுந்தேன், மறுபடி விழுந்தேன். எண்ணுகிற பழக்கம் இருப்பதால் சொல்கிறேன், இருபத்திரண்டு தடவை. என் வேட்டி வேர்வையில் நனைந்துவிட்டது. இருபத்திரண்டாவது தடவை கட்டிலிலிருந்து ஒரு நீண்ட மூச்சு வந்தது.

"மக்கா, அந்த சாருகிட்ட சொல்லு. ரெண்டு கையும் ஒரே நேரத்துல விடப்படாது. இவரு என்ன, காக்கையா?"

என்னிடம் பேசவில்லை. என்னைப் பற்றி மகளிடம் பேசினார். எப்போது திரையைப் பார்த்தார் என்று எனக்கும் தெரியவில்லை. ஷீபா கதவுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் ஒரு கையைப் பிடித்தபடி மறு கையை விட்டேன். ஒரு முழம் ஏறினேன். அப்புறம் விழுந்தேன். "இவன் விழுந்தாலும் எந்திச்சிருவான்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

வாசலில் வைத்து ஷீபா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அப்பா உங்களுக்கு மாப்பு தந்தாரா இல்லியான்னு எனக்குத் தெரியாது. நான் தரல்ல. உங்க மகனுக்கு நீங்களே எழுதணும். இது தெரிஞ்ச பெறவு அவரு எங்கிட்ட மொதல்ல என்ன கேக்காருன்னு நான் பாக்கணும். உங்களப் போலக் கேட்டாருன்னா, வேண்டாம் மாமா. வாழ்க்க முழுக்க ஒருத்தருக்குப் பதில் சொல்லிட்டு இருக்க எனக்கு ஒக்காது."

மறுநாள் இரண்டாவது வாசிப்பு முடிந்ததும் கொல்லயில் சாயாக்கடைக்குப் போனேன், செய்ததைத் திருத்தலாம் என்று. சுனிலிடம், அன்றைக்குக் கேட்டது நான்தான், மாப்பிள்ளையின் அப்பா, அந்த வீட்டில் கேட்ட குரல் அந்தப் பெண்ணின் தகப்பனுடையது, வேறு யாரும் இல்லை என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். சுனில் மரியாதையாகத் தலையாட்டினான். பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒருவர் பேப்பரைத் தாழ்த்தாமலே, "ஒண்ணும் இல்லேன்னா இவரு எதுக்கு ரெண்டாம் தடவ வாறாரு?" என்றார். கரும்பலகையில் தப்பாக எழுதியதை டஸ்டர் எடுத்து அழிக்கலாம். பிள்ளைகள் நோட்டில் ஏறியதை அழிக்க முடியாது. வீடு வீடாகப் போய் ஒவ்வொரு நோட்டாகத் திருத்த வேண்டும். அதைத்தான் இப்போது செய்துகொண்டிருக்கிறேன். மேரியிடம் சொல்லிவிட்டேன். மீனோடு சேர்த்து இதையும் கொண்டுபோகச் சொன்னேன். "இது அவ்வளவு வேகமா விக்காது சாரே" என்றாள். இந்தக் கடிதத்தையும் யார் கேட்டாலும் படிக்கக் கொடுப்பேன்.

உனக்கு ஒரு புத்தி சொல்கிறேன், சொல்ல எனக்கு அருகதை இல்லை என்று தெரிந்தே. கல்யாணமான பிறகும் அவள் வாழ்க்கையில் உனக்குத் தெரியாத குரல்கள் இருக்கும். போனில் தாழ்ந்து பேசுவாள், நீ வந்ததும் பேச்சை நிறுத்துவாள். அப்போது என் ரத்தம் உன்னிடம் பேசும். நாற்காலியை இழுத்துப் போட்டு நோட்டை விரிக்கச் சொல்லும். நோட்டை விரித்தவனுக்கு மார்க் குறைக்கத்தான் இடம் தெரியும். கேட்க வேண்டுமென்றால் அவள் முகத்தைப் பார்த்து அவளிடம் கேள். கேட்க வெட்கமாக இருந்தால், அது கேட்கத் தகாத கேள்வி என்று அர்த்தம். உன் அம்மாவை முப்பத்து நாலு வருஷம் அப்படிக் கேட்காமல் கவனித்தேன். அவள் அதையெல்லாம் அறிந்தே பொறுத்தாள் என்பதை மேரி வந்த அன்றுதான் அவள் முகத்தில் படித்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் உன் ரயில் பாறசாலையில் நிற்கும். நான் ஸ்டேஷனுக்கு வரமாட்டேன். நம் வீட்டுக்கும் முதலில் வராதே. பெட்டியோடு நேராகக் கொல்லயிலுக்குப் போ. அவள் அம்மா மாதர் சங்கத்துக்குப் போகிற நேரம் அது. ஷீபாவிடம் என்ன முதலில் சொல்வது என்று நான் சொல்லித்தரமாட்டேன், சொல்லித்தந்தால் அது உன் விடை ஆகாது. உள்ளறையில் போய்த் தாசையனுக்குப் பக்கத்தில் உட்கார். தமிழில் பேசு. அவர் திரும்பாவிட்டால் பரவாயில்லை, கருவியைக் கையில் எடு. உனக்குத் தெரிந்த விளையாட்டுதான், என்னைவிட நன்றாக ஏறுவாய். கெட்டிக்காரத்தனம் காட்டி அவருக்குச் சொல்ல ஒன்றும் இல்லாமல் செய்துவிடாதே.

இதுவரை எழுதியதை ஷீபாவிடம் காட்டினேன். ஒரு எழுத்தும் மாற்றச் சொல்லாமல், இரண்டு இடத்தில் மட்டும் நின்று படித்தாள், திருப்பித் தந்தாள். இனி எழுதுவது உனக்கும் எனக்கும் மட்டும்.

எனக்கு ஒரு சந்தேகம் பாக்கி இருக்கிறது. அந்த வீடியோக்களை எனக்கு முன்பே நீ பார்த்தவன். என்னைவிடக் கூர்மையான காது உனக்கு. அந்தக் குரலை நீ கேட்காமல் இருந்திருக்க முடியாது. நீ அவளிடம் நேராகக் கேட்டிருப்பாய், அவளும் சொல்லியிருப்பாள், என்னிடம் சொன்னால் நான் அதை என்ன செய்வேன் என்று தெரிந்து நீ சொல்லாமல் விட்டிருப்பாய். மூன்று நாளாக இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். உண்மையா இல்லையா என்று எனக்குத் தெரியாது. ஷீபாவிடம் கேட்டால் தெரிந்துவிடும். உன் சித்தப்பாவிடம் நீ ஏதாவது சொன்னாயா என்று வளைத்துக் கேட்டாலும் தெரிந்துவிடும். நீயும் சொல்லாதே மக்கா. இதை மட்டும் நான் விசாரிக்கப் போவதில்லை.

உன் அப்பா